மனை வாங்குமுன் தண்ணீரைக் கேளுங்கள்

திருச்சியின் புறநகர் நாலு திசையிலும் நீள்கிறது. ஸ்ரீரங்கத்தை விட்டு அங்கே குடிபோகலாமா?

மதுரை சாலையில் பஞ்சப்பூரைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் மனைப் பலகைகள்தான். வண்ணக் கொடி கட்டிய கம்பங்கள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள், புதிதாகப் போட்ட செம்மண் சாலை, முகப்பில் ஒரு ஆர்ச். ‘புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்’ என்ற வரி ஏறக்குறைய எல்லாப் பலகைகளிலும் இருக்கிறது. 2025 மே 9 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்த ஒருங்கிணைந்த பேருந்து முனையம்தான் அந்தப் பஸ் ஸ்டாண்ட். ஜூலை 16 முதல் வெளியூர்ப் பேருந்துகள் அங்கே வந்துபோகின்றன. சுமார் 40 ஏக்கர் பரப்பு, 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பக்கத்தில் டைடல் பூங்கா எழும்புகிறது. மொத்தக் காய்கறிச் சந்தையை இங்கே கொண்டுவரும் திட்டமும் இருக்கிறது.

அந்த ஆர்ச்சுகளுக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்கும் குடும்பங்களில் ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களும் உண்டு. உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ வாடகைக்கு இருந்து, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் ‘நமக்கென்று ஓர் இடம் வேண்டாமா’ என்று கிளம்பியவர்கள். அப்பா மூலப்பத்திரத்தைப் பற்றி விசாரிப்பார். அம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்பார். அந்த அம்மாவின் கேள்விக்கு, ‘போர் போட்டால் வந்துவிடும்’ என்ற ஒரு வரிக்கு மேல் பதில் கிடைத்து நான் பார்த்ததில்லை.

போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, போகலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கே குடியிருக்க முடிகிற இடத்துக்குப் போங்கள். பத்து வருஷம் கழித்து ஊராகப் போகிற இடத்துக்கு, அந்தப் பத்து வருஷ வாழ்க்கையை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

தீவு தருவதும் தராததும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆற்று மணல் படிந்து உருவான நிலம் ஸ்ரீரங்கம். தோண்டினால் சீக்கிரம் தண்ணீர் வரும், அதுவும் வாயில் வைக்கிற தண்ணீர். மருந்துக்கடை, வங்கி, பள்ளிக்கூடம், காய்கறி, பூ, டாக்டர் எல்லாம் நடக்கிற தூரத்தில். ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வருகிற மகன் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வழியாக ஜங்ஷன் வரை போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு இந்த ஊரில் யாரும் நேரம் பார்ப்பதில்லை. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்ற நம்பிக்கை மூன்று தலைமுறைக்கு இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் யாரையும் எதிர்பார்க்காமல் தன் நாளை நடத்திக்கொள்ள முடிகிற ஊர் இது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, பெற்றோர் இங்கே அடுக்ககம் வாங்கி வந்து தங்குவதற்குக் கோயில் ஒரு காரணம். இந்த வசதியும் அதற்குச் சமமான காரணம்.

தராதது, மண். நடுத்தரக் குடும்பம் சம்பாத்தியத்தில் தனி வீடு வாங்குவது இங்கே ஏறக்குறைய முடிந்துபோன கதை. அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கினால் கைக்கு வருவது பிரிக்கப்படாத பாகமாக ஒரு துண்டு நிலம். அதற்கும் முன்னால் அடிமனைச் சிக்கல். கட்டடம் நம்முடையது, அதன் அடியில் இருக்கும் மனை கோயிலுடையது என்ற ஏற்பாட்டில் பல தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட இடத்தை விற்கவும் பத்திரம் பதியவும் முடியாமல், வங்கிக் கடனும் கிடைக்காமல் தவிக்கிற வீடுகள் உள்ளன. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்ரீரங்கம் தொகுதியில் அடிமனை என்ற சொல் மேடை ஏறுகிறது. கோயில் சொத்தும் காக்கப்பட வேண்டும், குடியிருப்பவரும் தெருவுக்கு வரக் கூடாது. இரண்டையும் சேர்த்து ஒரு முடிவு காண்பது அரசின் கடமை. அதுவரை தீவுக்குள் வாங்க நினைப்பவர், மனை யாருடையது என்பதை அறியாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது.

தீவு என்பதால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கரையோரத்துத் தாழ்வான தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு மேட்டூர் திறப்பு எத்தனை கன அடி என்பது அன்றாடச் செய்தி.

நஞ்சை மறக்காது

திருச்சியின் நிலத்தை ஒரு வரியில் சொன்னால், ஆற்றங்கரையில் வண்டல், தெற்கே போகப் போகப் பாறை. மலைக்கோட்டை நிற்கிற அந்தக் கடினப் பாறையின் இனம்தான் விமான நிலையம், கே.கே.நகர், மணிகண்டம் பக்கம் பூமிக்கடியில் பரந்து கிடக்கிறது. பாறையில் தண்ணீர் நிற்பது அதன் வெடிப்புகளில் மட்டும். ஒரு மனையில் போர் போட்டு நல்ல தண்ணீர் வந்திருக்கும். இரண்டு மனை தள்ளிப் போட்டால் தூசிதான் பறக்கும். அதனால், பக்கத்து வீட்டில் வந்திருக்கிறதே என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடையில், சித்திரை வைகாசியில், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர் டேங்கர் லாரிக்குப் போன் செய்கிறாரா என்று கேளுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் கம்பரசம்பேட்டை போன்ற ஆற்று நீரேற்று நிலையங்களின் குழாய்த் தண்ணீர் வரும் வாய்ப்புண்டு. எல்லைக்கு வெளியே ஊராட்சியில், குழாய் எங்கே வரை வந்திருக்கிறது என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் வராத கவலை பாதி. வந்துவிடும் கவலை மீதி. தெற்கேயிருந்து வரும் கோரையாறு பஞ்சப்பூரை ஒட்டி ஓடி, நகருக்குள் வந்து, குடமுருட்டியாகக் காவிரியில் சேர்கிறது. வருஷத்தில் பத்து மாதம் அது ஆறு என்றே தெரியாது. நாணலும் ஆகாயத்தாமரையும் மண்டிய பள்ளமாகக் கிடக்கும். மனை பார்க்க வருகிறவர் பெரும்பாலும் அந்தப் பத்து மாதத்தில்தான் வருகிறார். 2005 நவம்பரில் அந்தப் பள்ளம் ஆறானது. எடமலைப்பட்டிப்புதூர், கருமண்டபம் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்கு முன் அங்கே வீடு கட்டிய பலருக்கு, தாங்கள் ஆற்றின் பக்கத்தில் இருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. 2021 நவம்பரிலும் கோரையாற்றங்கரைப் பகுதிகள் சிலவற்றில் தண்ணீர் நின்றது.

மேற்கே வயலூர் சாலையின் கதை இன்னும் பழையது. ராஜராஜ சோழனின் பட்டப் பெயர்களில் ஒன்று உய்யக்கொண்டான்; அந்தப் பெயரைச் சுமக்கும் வாய்க்கால் ஆயிரம் ஆண்டுகளாகத் திருச்சியைச் சுற்றியிருந்த நெல் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நீர் பாய்ச்சியது. சீனிவாச நகர், குமரன் நகர், அதற்கப்பால் உய்யக்கொண்டான் திருமலை, சோமரசம்பேட்டை என்று வீடுகள் பரவியது அந்தப் பாசன நிலத்தின் மேல்தான். ஊர்ப் பெயரே வயலூர்! தோகைமலை சாலையில் தாயனூரில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த அளவுக்கு வாழைக்குப் பேர்போன மண். இன்று அதே சாலையில் வாழைக்கு நடுவே மனைக்கற்கள்.

நஞ்சை என்றால் தண்ணீர் நிற்பதற்கென்று மட்டம் பார்த்துப் பண்ணிய நிலம். வரப்பை வெட்டி, மண் கொட்டி, சாலை போட்டு, ‘நகர்’ என்று பெயர் வைத்துவிட்டாலும் மழைத் தண்ணீருக்கு அந்தப் பெயர் தெரியாது. மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு வடிந்த வழியிலேயே அது வரும். அந்த வழியில் யார் வீடு இருக்கிறதோ, அந்த வீட்டு வாசலில் நிற்கும். நமக்கு விற்கப்படுகிற மனையின் சர்வே எண்ணுக்கு ‘அ’ பதிவேட்டில் நஞ்சை என்று இருக்கிறதா, புஞ்சை என்று இருக்கிறதா. புலப்படத்தில் பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா, அது தரையில் இப்போது எங்கே. இவற்றுக்கு வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் பதில் உண்டு. கிழக்குப் பார்த்த மனையா என்று கேட்கிற அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

பஞ்சப்பூரைப் பற்றி இன்னொன்று. மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு வளாகம் வெகுகாலமாக அங்கேதான் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து அருகில் இருப்பவர்களின் மாலைப்பொழுது மாறும். இதை எந்தப் பலகையும் எழுதுவதில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே நின்றால் மூக்கு சொல்லிவிடும்.

காகிதம்

இருபது வருஷத்துக்கு முன் திருச்சியைச் சுற்றி மனை வாங்கியவர்களிடம் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் சர்வ சாதாரணம். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் அங்கீகாரம் என்று நம்பி, கல்யாண நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்கு உரியது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. தமிழ்நாடு முழுக்கப் பத்திரப் பதிவு முடங்கியது. பிறகு 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்பனையான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளும் வழி கிடைத்தது. இன்றும் மறுவிற்பனைக்கு வரும் பழைய மனைகளில் வரன்முறை ஆணை இல்லாதவை உண்டு. ‘அப்புறம் செய்துகொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால், அவரே செய்து தரட்டும், பிறகு கிரயம் பேசலாம்.

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு கோயில், வக்பு முதலிய அமைப்புகளின் சொத்தை உரிய அனுமதியின்றிப் பதிவதைத் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எது யாருடைய சொத்து என்ற பட்டியலில் குழப்பம் வந்தால், வாங்குபவரும் விற்பவரும் நடுத்தெருவில் நிற்பார்கள். 2022 செப்டம்பரில் காவிரிக்கரைத் திருச்செந்துறையில் அதுதான் நடந்தது. நிலம் விற்கப் போனவரிடம் வக்பு வாரியத்தின் தடையின்மைச் சான்று கேட்கப்பட்டது. ஊரே கொதித்த பிறகு, அதிகாரிகள் பேச்சு நடத்தி, வழக்கம்போல் பதிவு நடக்கும் என்றார்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்க முடிகிறது. அதைப் பார்த்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்குப் பதிவுத் தடை ஏதும் உண்டா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பலரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா? ஒப்படைக்காத சாலைக்குத் தெருவிளக்கு வராது, வடிகால் வராது, குழி விழுந்தால் கேட்பதற்கு ஆளில்லை.

செலவுக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். முத்திரைத்தாள் கட்டணம் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 1,200 சதுர அடி மனை 18 லட்சம் என்று வைத்துக்கொண்டால் பதிவுக்கு மட்டும் 1,62,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை, 2025 ஏப்ரல் 1 முதல் உண்டு. அந்த விலையில் மனை கிடைப்பது இன்று புறநகரில் மட்டும்தான் என்பதால் இதை மறக்க வேண்டாம். 30 லட்சம் கடனை 8.5 விழுக்காடு வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 62 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதனுடன் பெட்ரோலைச் சேருங்கள். பஞ்சப்பூரிலிருந்து ஸ்ரீரங்கம் சுமார் 15 கிலோமீட்டர். போக வர 30, மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். ஒரு பைக்குக்கு மாதம் ஏறக்குறைய 1,700 ரூபாய். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு மடங்கு. வாடகை மிச்சம் என்று கணக்குப் போடும்போது இந்த வரியை விட்டுவிடுகிறோம்.

முதல் வீடு

காகிதமெல்லாம் சரியாக இருந்தும் வாழ முடியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. காரணம், பக்கத்தில் மனிதர்கள் இல்லாமை. புறநகர் மனைகளைப் பலர் முதலீட்டுக்காக வாங்குகிறார்கள். சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து பணம் போட்டு, விலை ஏறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நாலைந்து வருஷத்தில் கல்லை மூடிச் சீமைக் கருவேலம் வளர்ந்துவிடும். நடுவில் ஆசையாக வீடு கட்டிக் குடிவந்த ஒரே குடும்பத்துக்கு இரவு ஏழு மணிக்கு மேல் சுற்றிலும் இருட்டு. பாம்பு பயம். டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளையைக் கூட்டிவர மெயின் ரோட்டில் யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். பால் பாக்கெட் வாங்க வண்டி எடுக்க வேண்டும்.

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கு அது ஒவ்வொரு நாளும் கையில் தங்கும் பணம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ், அதுவும் இரவு எட்டரையோடு கடைசி என்கிற இடத்தில் அந்தச் சலுகை இருந்தும் இல்லாத மாதிரிதான். புறநகர் மனையைப் பார்க்கப் போகிற கணவர்கள் காரில் போகாதீர்கள். மனைவியோடு டவுன் பஸ்ஸில் போய், பஸ்ஸிலேயே திரும்பி வாருங்கள். அந்த ஒரு பயணம் எந்தத் தரகரும் சொல்லாததைச் சொல்லும்.

குடியிருக்க ஆள் வந்தால் புறநகர் எப்படி ஊராகிறது என்பதற்குக் கிழக்கே சாட்சி இருக்கிறது. 1960களில் பெல் நிறுவனம் வந்தது, கைலாசபுரம் குடியிருப்பு வந்தது. குவார்ட்டர்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் திருவெறும்பூர், காட்டூர் பக்கம் வீடு கட்டினார்கள். சேர்ந்து வேலை பார்த்தவர்கள் சேர்ந்தே குடிவந்ததால் பள்ளியும் சந்தையும் பஸ்ஸும் அவர்களைத் தேடி வந்தன. அங்கேயும் தீராத துன்பம் உண்டு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14 கிலோமீட்டர் தஞ்சாவூர் நெடுஞ்சாலைக்கு அணுகுசாலை கேட்டு மக்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். வீட்டிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போக, விரைந்து வரும் லாரிகளுக்கு நடுவே புக வேண்டியிருக்கிறது. எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. நெடுஞ்சாலையை ஒட்டிய மனை என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சாலையைக் குழந்தை எப்படிக் கடக்கும் என்று நீங்கள் கேளுங்கள்.

வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டி நெ.1 டோல்கேட், பிச்சாண்டார்கோவில், சமயபுரம் சாலை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு என் முதல் யோசனை இந்தப் பக்கம்தான். உறவு விட்டுப்போகாத தூரம், பஸ் உண்டு, ஆற்றை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீரும் நன்றாக இருக்கும். குறை, பாலத்தை நம்பிய வாழ்க்கை. 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பழுது பார்த்தபோது, ஸ்ரீரங்கமும் அதற்கப்பாலும் இருப்பவர்கள் நகருக்குள் வர எவ்வளவு சுற்றினார்கள் என்பது மறக்கக்கூடியதா? நகருக்குள் அன்றாடம் வேலை இருப்பவர் அந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பஞ்சப்பூரும் ஒருநாள் நன்றாக வரும் என்றே நம்புகிறேன். ஆனால் பேருந்து நிலையம் வந்த மறுநாளே ஊர் வந்துவிடுவதில்லை. சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தது. அதன் பக்கத்தில் ரயில் நிலையத்துக்கும் அதை இணைக்கும் நடைமேம்பாலத்துக்கும் மக்கள் அதற்குப் பிறகும் எத்தனை காலம் காத்திருந்தார்கள்! வெளியூர் போக வசதி என்பதும் அன்றாடம் வாழ வசதி என்பதும் வேறு வேறு. மதுரைக்கு வருஷத்தில் நாலு முறை போவோம். மருந்துக்கடைக்கு வாரம் நாலு முறை போவோம்.

இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, நகர் ஊரமைப்புத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும். ஒவ்வொரு மனைப்பிரிவின் வாசலிலும், அங்கீகார எண்ணுக்குப் பக்கத்திலேயே, அந்த நிலத்தின் பழைய புலப்படத்தை வாய்க்காலும் வடிகாலும் தெரிகிற மாதிரி பெரிதாக வரைந்து வைக்க உத்தரவிடுங்கள். 2005இல் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்பதை, அது வந்த ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கல்லில் குறித்து வையுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

இரண்டாவது, மனை பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. பிடித்த இடம் ஒன்று அமைந்துவிட்டால் உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு இரவு முழுக்க நல்ல மழை பெய்யட்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் அங்கே போய் இறங்குங்கள்.